எல்லை தாண்டினதும் கூப்பிடு

ஆட்டாத. தலைய ஆட்டாதன்னு எத்தன தடவ சொல்றது? சாயம் காதுல வழிஞ்சா ஒரு வாரத்துக்குப் போகாது. எல்லையில பாஸ்போர்ட் பாக்குறவன் உன் மூஞ்சியப் பாப்பானா காதப் பாப்பானா? எரியுதா? எரியத்தான் செய்யும். அந்தப் பய முடியப் புடிச்சுத் தரையில இழுத்தான்ல, அங்க ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோலு உரிஞ்சு கெடக்கு. அது மேலதான் இந்தக் கருமத்தப் பூச வேண்டியிருக்கு. பல்லக் கடிச்சுக்க.

அழணும்னா அழு, நான் வேணாம்னு சொல்லல. நிமிந்து உக்காந்துகிட்டு அழு. குனிஞ்சா கண்ணுக்குள்ள எறங்கிடும்.

மணி என்ன, நாலே முக்காலா? சரியா இருக்கும். ஆறு மணிக்கு ஒர்லின் வருவான், உன்னயக் காப்பாத்துனானே அந்தப் பையன். உன் தலையப் பாப்பான், கறுப்பா இருக்கான்னு பாப்பான், சரின்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவான். அப்புறம் நீ சாப்புடு, தூங்கு, விடிகாலைல எந்திரிச்சு பஸ்ஸப் புடி. கறுப்பாகலேன்னாவா? ஆகும்மா. இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலிக்குப் பின்னாடிதான் நிக்குறேன். இந்த நொல்வியா கைபட்டு நெறம் மாறாத தல சான் பெத்ரோவுல கெடையாது.

உன் பேரு என்னன்னு சொன்ன? மரிசியேலோ. நல்ல பேரு. பெருவுல இப்படித்தான் வைப்பாங்களா? சரி, நீ என்னய அக்கான்னே கூப்புடு.

செப்பே மேல கோவப்படாத. அவன் என் தங்கச்சி புருஷன், டாக்ஸி ஓட்டுறான், அவ்ளோதான். ரோட்ட மறிச்சு டயர் கொளுத்துனானுங்கன்னு உன் பஸ்ஸு லேட்டு. எல்லைக்குப் போற கடைசி வண்டி போயிடுச்சு. பஸ் ஸ்டாண்டுல தூங்க விட மாட்டானுங்க. ஒத்தப் பொம்பள, முதுகுல மூட்ட, எங்க போறதுன்னு தெரியாம முழிக்குறியேன்னு, எங்கிட்ட ஒரு ரூம் காலியா இருக்குன்னு கூட்டிட்டு வந்தான். நல்லது செய்யத்தான் நெனச்சான். நீ தொப்பி போட்டிருந்தியாம், அவனுக்கு உன் முடி தெரியவே இல்லியாம்.

ஆமா, அவன்தான் கழட்டச் சொன்னான். சொல்லித்தானே ஆகணும். எங்க காலனிக்குள்ள நொழையும்போது கார் கண்ணாடிய எறக்கணும், தொப்பியக் கழட்டணும். மூலையில காவலுக்கு நிக்குற கூட்டத்துப் பசங்களுக்கு மூஞ்சி தெரியணும். தெரியலேன்னா சுட்டுட்டுத்தான் யாருன்னு பாப்பானுங்க. நீயும் நல்ல புள்ளையாட்டம் கழட்டிட்ட. மொத்த மஞ்சளும் தோளுல வந்து விழுந்துருக்கு, அதப் பாத்துட்டுத்தான் பசங்க பாஞ்சுருக்கானுங்க.

தொறந்த வாயில துப்பாக்கிய வச்சானா? பல்லுல பட்டுச்சா? காட்டு. ஓரத்துல கொஞ்சம் ஒடஞ்சிருக்கு. பரவால்ல, சிரிச்சாத்தான் தெரியும். செப்பேக்கு ரெண்டு பல்லு போச்சு, பாவம். முட்டி போட்டுக் கெஞ்சுனவன் வாயிலயே ஒதைச்சிருக்கானுங்க. ஒர்லின் மட்டும் வரலேன்னா ரெண்டு பேரையும் அந்தச் சாக்கடையில கவுத்துட்டுப் போயிருப்பானுங்க. தூரத்துல இருந்து உன் முடியப் பாத்துட்டு, சுடாதீங்கடா, சுடாதீங்கடான்னு கத்திக்கிட்டே ஓடி வந்தானாம். செப்பே சொன்னான். நீயும் பாத்தியா? ம். ஓடி வருவான். மஞ்ச முடின்னா அவன் ஓடித்தான் வருவான்.

இந்தப் பக்கமா சாயி. கழுத்துக்குப் பின்னாடி போடணும்.

மஞ்ச முடியில என்ன தப்புன்னு கேக்குறியா? உன் ஊருல ஒண்ணும் தப்பில்லம்மா. கடற்கரையில உக்காந்து எவளோ போட்டுவிட்டா, அழகாத்தான் இருந்துச்சு. இங்க கத வேற. ஆத்துக்கு அந்தப் பக்கம் வேற கூட்டம். அங்க தலைகட்டுக்கு, அதான் கூட்டத்துத் தலைவனுக்கு, வேண்டிய பொம்பளைங்க எல்லாம் முடிய மஞ்ச பண்ணிக்குவாளுங்க. அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம அப்படி ஒருத்தி கைக்கொழந்தையோட நம்ம கோழிக்கடைக்கு வந்தா. கடையில ஏழெட்டுப் பேரு. கொழந்தை என்னா அமைதியா தூங்குதுன்னு பக்கத்துல நின்ன கெழவி துணிய வெலக்கிப் பாத்துருக்கா. துணிக்குள்ள கொழந்த இல்ல, துப்பாக்கி. நாலு பேரு அங்கயே செத்தாங்க. கெழவிதான் மொத ஆளு. கோழி வெட்டுற மேடையில எது கோழி ரத்தம், எது மனுஷ ரத்தம்னு தெரியாம தண்ணிய ஊத்தி ஊத்திக் கழுவுனாங்க.

மறுநாளு எல்லா வீட்டுக் கதவுக்கு அடியிலயும் ஒரு சீட்டு. எந்தப் பொம்பள தலையிலயும் மஞ்ச தெரியக்கூடாது. எங்கடையிலயும் ஒண்ணு போட்டானுங்க. மஞ்ச டப்பா பதினாலு இருந்துச்சு, எடுத்துக் குப்பையில கொட்டுனேன். நீ வெள்ளக்காரியா இருந்தா, ஊரு தெரியாதவன்னு ரெண்டு அற அறஞ்சு வெரட்டியிருப்பானுங்க. நீ எங்க ஊருப் பொண்ணு மாதிரியே இருக்க, அதே நெறம், அதே மூக்கு. அதுதான் வென.

வெளாட்டு இல்ல கண்ணு இதெல்லாம். ரொட்டி விக்க வந்த ஒருத்தன், பாவம், வீடு மாறி ஒரு மாசம்தான் ஆச்சு. அடையாள அட்டையில பழைய வெலாசம், ஆத்துக்கு அந்தப் பக்கத்து வெலாசம். மாத்தணும் மாத்தணும்னு சொல்லிட்டே இருந்தான். ரொட்டிக் கூடையிலயே வச்சுத் திருப்பி அனுப்புனானுங்க அவன. முழுசா இல்ல.

மூஞ்சிய எதுக்கு மூடுற? கைய எடு, சாயம் ஒட்டிக்கும். என்னயச் சொல்லணும், உங்கிட்டப் போயி இதச் சொல்லிக்கிட்டு.

இப்ப ஊறணும், முப்பத்தஞ்சு நிமிஷம். அதுக்குள்ள உன் கைய நீட்டு. எடது கை, உள்பக்கம். எங்க போன் நம்பர எழுதுறேன். பேனா எதுக்கு, சாயத்துலயே எழுதுறேன். பத்து நாளு சோப்பு போட்டாலும் போகாது. மறந்துட்டேன், காகிதம் தொலஞ்சு போச்சு, பேக்க எவனோ அடிச்சுட்டுப் போயிட்டான், எதுவும் சொல்ல முடியாது பாரு. நாளைக்கு எல்லை தாண்டுனதும் மொத வேலையா கூப்புடணும். நான் நொல்வியா, நல்லா வந்து சேந்தேன், அவ்ளோ சொன்னாப் போதும். அய்யோ, வாய் தவறிடுச்சு, நீ நொல்வியா இல்ல, நான்தான் நொல்வியா. சிரிக்குறியா? சிரி. ஒடஞ்ச பல்லு தெரியுது பாத்தியா.

போன வருஷம் இப்படித்தான் ஒருத்தி, கோஸ்தா ரிக்காக்காரி, நர்சு. எவ்ளோ படிச்சு படிச்சு சொன்னேன். மகராசி எல்லையத் தாண்டி, ஏரியில குளிச்சு, மீனு தின்னுட்டு, மூணாவது நாளு வெள்ளிக்கெழம சாயங்காலம் கூப்புடுறா. நான் கத்தி தீட்டிக்கிட்டு இருந்தேன் அப்ப. திட்டுன திட்டுல அவ போன்லயே அழுதுட்டா. ஏன் அவ்ளோ கோவம்னா, அது அப்படித்தான். கூப்புடுறேன்னா கூப்புடணும்.

அதுவா? அது எம்பொண்ணு. கண்ணாடிக்கு மேல வேற யாரு போட்டோவ மாட்டப் போறேன். டில்சியா. பத்தொம்பது வயசு அதுல. உன்னவிட கொஞ்சம் ஒசரம்.

இல்ல. அமெரிக்காவுக்கெல்லாம் போகல. செத்துட்டா. நாலு வருஷமாச்சு.

சொல்றேன், நீ கேக்குறியேன்னு சொல்றேன். அவளுக்கு மருந்துக்கடையில வேல கெடச்சிருந்துச்சு. திங்கக்கெழமை சேரணும். அம்மா, தலைக்கு அந்தக் கருஞ்செவப்பு போட்டு விடும்மான்னா. புதுசா ஏதாச்சும் டப்பா வந்தா மொதல்ல அவ தலையிலதான் போட்டுப் பாப்பேன், சின்னப் புள்ளையில இருந்தே அப்படி. செவப்பு போடலாமான்னு பசங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் செஞ்சேன். ஆமா, அதுக்கும் கேக்கணும் இங்க. கருஞ்செவப்பா, போட்டுக்கட்டும்னு பதில் வந்துச்சு. அனுமதியோட செஞ்சேன் நானு, தெரியுதா? எல்லாம் முறையாத்தான் செஞ்சேன்.

ஆனா கறுப்பு முடியில செவப்பு நேரா ஏறாது. மொதல்ல வெளுக்கணும். வெளுத்தா மஞ்சளாகும். அந்த மஞ்ச மேலதான் செவப்பு உக்காரும். நடுவுல ஒரு அர மணி நேரம் எல்லாத் தலையும் மஞ்சத்தான். எந்தக் கடையிலயும் அப்படித்தான். எனக்கு அது ஒரு நெறமாவே கண்ணுக்குத் தெரிஞ்சதில்ல. பாதி வேல, அவ்ளோதான். செவப்புக்கு அனுமதி வாங்குனேன். நடுவுல வர்ற அந்த அர மணி நேரத்துக்கு வாங்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.

வெளுத்த மருந்தக் கழுவுனேன். தொட்டியில அதோட தண்ணி தீந்துபோச்சு. இங்க எட்டு நாளைக்கு ஒருக்காத்தான் கொழாயில வரும். அன்னைக்குப் பத்து மணிக்கு வரணும், பன்னெண்டாச்சு, வரல. செவப்பக் கொழச்சு வச்சாச்சு, வச்சா காஞ்சுடும். போயி உன் சித்தி வீட்டுல ஒரு வாளி எடுத்துட்டு வாடின்னேன். நாலு வீடு தள்ளி, மூலையத் தாண்டி. ஒரு பெரிய துண்ட எடுத்து நானே இறுக்கித் தலையச் சுத்திக் கட்டி விட்டேன். ஒரு முடி வெளிய தெரியல. வாசல் வரைக்கும் போயி சரி பண்ணி விட்டேன். என் கண்ணயே அனுப்புற மாதிரி பாத்துப் பாத்து அனுப்புனேன்.

போகும்போது துண்டோடத்தான் போனா. திரும்பி வரும்போது தலையில வாளி. வாளிய எப்புடித் தூக்குறது? சும்மாடு வேணும்ல. தலையில இருந்த துண்ட அவுத்து, சுருட்டி, சும்மாடு கட்டிக்கிட்டா. நாங்க எல்லாம் அப்படித்தான் செய்வோம், கையில எந்தத் துணி இருக்கோ அது. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஈர முடி மொத்தமும் முதுகுல, வெயில்ல.

மூலையில காவலுக்கு நின்னவனுக்கு முதுகு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. மஞ்ச முடிக்காரி ஒருத்தி உள்ள வந்துட்டான்னு நெனச்சிருக்கான்.

நான் பிரஷ்ஷக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். சத்தம் கேட்டதும் பட்டாசுன்னெல்லாம் நெனைக்கல. இங்க யாரும் அப்படி நெனைக்க மாட்டோம். மொத குண்டு வாளியில பட்டுச்சு. எவனோ கல்லெறிஞ்சான்னு நெனச்சிருப்பா, டேய்னு கத்திருக்கா. ரெண்டாவது தோளுல. அப்பத் திரும்பிட்டா. மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துட்டாங்க ரெண்டு பேரும். டில்சியான்னு தெரிஞ்சிருச்சு அவனுக்கு. தெரிஞ்சும் வெரல் நிக்கல. மூணாவது கழுத்துல.

நான் ஓடுனேன். கையில ரப்பர் கையுறையோட ஓடுனேன். முட்டி போட்டு அவ கழுத்த அமுக்கிப் புடிச்சேன். வெரலுக்கு நடுவுல கொழகொழன்னு வருது. கை பூரா செவப்பு. எது சாயம், எது அவ ரத்தம்னு எனக்கே தெரியல. அவ ஏதோ சொல்ல வாயத் தொறந்தா, அந்த ஓட்ட வழியாத்தான் காத்து போச்சு. தெருவுல ஒரு கதவு தொறக்கல. சும்மாடு மட்டும் கட்டுன மாதிரியே கெடந்துச்சு, அவுறாம.

அத இன்னும் வச்சிருக்கேன். தொவைக்கல.

மூஞ்சிக்கு மூஞ்சி பாத்தது எனக்கு எப்புடித் தெரியும்னா கேக்குற? சுட்டவனே சொன்னான். யாரா? எந்திரி எந்திரி, நேரமாச்சு, தலையக் கழுவணும். இன்னைக்குத் தொட்டி நெறையத் தண்ணி இருக்கு, உன் அதிர்ஷ்டம். குனி. கண்ண மூடு. ஜில்லுன்னு இருக்கும், கத்தாத.

ம். இப்பப் பாரு கண்ணாடியில. எங்கயாச்சும் ஒரு இழை மஞ்ச இருக்கா? வேர் வரைக்கும் புடிச்சிருக்கு. உங்கம்மா பாத்தாக்கூட, பொறந்த முடிதான்னு சொல்லுவா. அழகாத்தான் இருக்க. இங்க உக்காரு, பாலேயாதா போட்டு வச்சிருக்கேன், எங்க ஊரு மடிச்ச ரொட்டி. பீன்ஸும் வெண்ணெயும்தான் உள்ள, வேற ஒண்ணும் இல்ல. மெதுவா மெல்லு, ஒடஞ்ச பல்லு பக்கம் தள்ளாத.

கதவத் தட்டுறான். பயப்படாத, ஒர்லின்தான். நீ எந்திரிக்காத, தட்டோடயே இரு.

வா ஒர்லின். செருப்ப வெளிய விடு, இப்பத்தான் தரையத் தொடச்சேன். நல்லாப் பாத்துக்க, வெளிச்சத்துல பாத்துக்க. தொடாத. கண்ணால பாத்தாப் போதும். சரிதானே? மூலையில இருக்குற உன் ஆளுங்ககிட்டச் சொல்லிடு. நாலரைக்கு மோட்டார் சைக்கிளோட வந்துடு. காலனி முடியுற ஆத்துப் பாலம் வரைக்கும் நீ, பாலத்துக்கு அந்தாண்ட செப்பே நிப்பான். ஒடஞ்ச வாயோடயும் வர்றேன்னு சொல்லியிருக்கான். அவ பஸ்ஸுல ஏறி உக்காந்தாச்சுன்னு செப்பே சொன்னப்புறம்தான் நீ திரும்பணும். ரெண்டு பாலேயாதா இருக்கு, தின்னுட்டுப் போறியா? சரி. சனிக்கெழமை வருவல்ல? போ.

போயிட்டான். பாத்தியா, சின்னப் பையன்தான், இருபத்தி மூணு வயசு. நன்றி சொல்லணும்னு எந்திரிச்சியே, அதெல்லாம் வேணாம். அக்கா மூஞ்சியப் பாக்காம பேசுறானேன்னு கேக்குறியா? பாக்க மாட்டான். அவன்தான் எம்பொண்ணச் சுட்டவன்.

தட்டக் கீழ போட்டுடாத. உக்காரு. நான் இங்கதான இருக்கேன்.

அவளுக்கு ஒம்பதாம் நாளு செபம். எங்க பக்கத்துத் தலைகட்டு ரெண்டு மூட்ட காப்பிக்கொட்டையும் சக்கரையும் அனுப்பிட்டு, பின்னாடியே வந்தான். அவங்கூட இவன், கையப் பின்னால கட்டி, மூஞ்சியெல்லாம் வீங்கி. தப்பு நடந்துபோச்சு அக்கா, இவன என்ன பண்ணணும்னு நீயே சொல்லு, உன் வாசல்லயே முடிச்சிடறோம்னான். ஊரு பூரா செபமாலையக் கையில வச்சுக்கிட்டு என் வாயப் பாத்துச்சு. இவன் முட்டி போட்டு எல்லாத்தையும் சொன்னான், அவ திரும்புனது, தெரிஞ்சும் வெரல் நிக்காதது, எல்லாம். இவனுக்கு மொத மொட்ட போட்டது நான். அந்த நாற்காலியில பலக போட்டு உக்கார வச்சு.

வேணாம், அவன எங்கிட்ட விட்டுடுங்கன்னேன். பெரிய மனசுன்னு பேசுனாங்க தெருவுல. எழவு மனசு. அவனுங்க சுட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும், எனக்கு என்ன மிச்சம்? ரெண்டே ரெண்டு சொன்னேன் அவங்கிட்ட. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, சனிக்கெழம, என் நாற்காலியில வந்து சவரத்துக்கு உக்காரணும். இந்தக் காலனிய விட்டு உசுரோட வெளிய போக வேண்டிய எந்தப் பொம்பளையா இருந்தாலும் நீதான் பாலம் வரைக்கும் கொண்டு போயி விடணும். ஒருத்தி போயிச் சேரலேன்னு வையி, அந்தச் சனிக்கெழம என் கத்தி கழுத்துல நிக்காதுடான்னேன். சரிக்கான்னான்.

நாலு வருஷமா வர்றான். ஒரு சனிக்கெழமை தப்புனதில்ல. உக்காந்து, கண்ண மூடி, கழுத்த மேல தூக்கிக் குடுப்பான். தொண்ட ஏறி ஏறி எறங்கும். நான் கீழ இருந்து மேல வழிப்பேன், மெதுவா. இதுவரைக்கும் பதினோரு பேரு. பதினோரு பேரும் கூப்புட்டுட்டாங்க.

உண்மையச் சொல்லவா? சில நேரம் ஆசையா இருக்கும். எவளாச்சும் ஒருத்தி கூப்புடாமப் போனாத் தேவலன்னு இருக்கும். அந்த நர்சு கூப்புட்டப்ப, அவ குரலக் கேட்டதும் எனக்கு மொதல்ல வந்தது சந்தோஷம் இல்ல கண்ணு. அதுக்குத்தான் அவள அப்புடித் திட்டுனேன். அப்படி நெனச்சதுக்கு என்னயே செருப்பால அடிச்சுக்கணும்.

கைய காட்டு, நம்பர் காஞ்சிடுச்சா? நல்லாப் புடிச்சிருக்கு. இன்னைக்கு வியாழன். நாளைக்கு மத்தியானம் நீ எல்லையத் தாண்டிடுவ. டவர் கெடைக்கல, பசியா இருந்துச்சு, எதுவும் சொல்லாத. தாண்டுனதும் கூப்புடு. நாளன்னைக்கு காலைல பத்து மணிக்கு அவன் சவரத்துக்கு வருவான்.

சாப்புடு, ரொட்டி ஆறிப்போச்சு பாரு.